ஜவ்வாது மலைக்கு ஓர் ஆற்றுப்படை

சென்னையில் வேலை பார்க்கும் என் தங்கை மகன், ஜனவரி விடுமுறைக்கு ஜவ்வாது மலைக்குப் போகப்போவதாகச் சொல்லிக் கைபேசியில் ஒரு பயணத் திட்டம் அனுப்பியிருந்தான். முதல் நாள் காலை அமிர்தி பூங்கா, மதியம் ஜமுனாமரத்தூர் கோமுட்டேரியில் படகு, மாலை பீமன் அருவி, இரவு விடுதியில் பாட்டும் நெருப்பும். மறுநாள் காவலூர் வானாய்வகம், ஜலகாம்பாறை அருவி, திருப்பத்தூர், வீடு. ஒவ்வோர் இடத்துக்கும் நிமிடக் கணக்கு. கடைசியில், "ஏதாச்சும் விட்டுப்போச்சா மாமா?" என்று கேட்டிருந்தான்.

ஆள் விட்டுப்போயிருந்தது. அந்தப் பட்டியலில் எங்கும் ஒரு மனிதர் இல்லை. யார் வீட்டுத் திண்ணையில் உட்காருவது, யாரிடம் வழி கேட்பது, அங்கே இருப்பவர்களுக்கு அது விதைப்புக் காலமா அறுப்புக் காலமா என்று ஒரு வரியும் இல்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுற்றுலாப் பலகைகளும் இணையத்தில் கொட்டிக் கிடக்கும் காணொளிகளும் மலையை இப்படித்தான் காட்டுகின்றன: அருவி ஒன்று, படகு ஒன்று, நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு முனை.

பதிலுக்கு நான் அவனுக்கு ஒரு பழைய பயணத் திட்டத்தைப் பற்றி எழுதினேன். அது இந்த மலைப்பக்கத்துக்கென்றே எழுதப்பட்டது. பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டான மலைபடுகடாம், பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடி. செங்கண்மாவை, அதாவது இன்றைய செங்கத்தை, ஆண்ட நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தர் ஒருவர், எதிரே பசியோடு வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறார். நன்னனின் நவிரமலை, கலசபாக்கம் பக்கத்தில் நிற்கும் பர்வதமலைதான் என்பது அறிஞர்கள் கருத்து. பாட்டில் வரும் சேயாறு, ஜவ்வாது மலையில் பிறந்து செங்கம் வழியாக ஓடும் நம் செய்யாறு.

அந்தக் கூத்தர் வழி சொல்கிற அழகைப் பாருங்கள். பகலில் நடங்கள், இரவானால் குகையில் தங்குங்கள் என்கிறார். தினைக்கொல்லையில் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், பார்த்துக் கால் வையுங்கள். பரண்காரர்கள் யானையை விரட்டக் கவணில் கல் எறிவார்கள், மரத்தின் பின்னால் ஒதுங்கிப் போங்கள். பாறை வழுக்கும் இடத்தில் கொடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வழியில் நடுகற்கள் வரும், வணங்கிவிட்டுப் போங்கள். சிற்றூருக்குப் போனால் நன்னனின் கூத்தர் என்று சொல்லுங்கள், உறவுக்காரர் வீட்டுக்குப் போவதுபோல உள்ளே போகலாம், தினைச் சோறும் இறைச்சியும் தருவார்கள். இவ்வளவும் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொல்கிறார்: வழி பிரிகிற இடத்தில், பின்னால் வருகிறவர்களுக்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள்.

வழியின் ஆபத்து, அங்கே வாழ்கிறவர்களின் வேலை, அவர்கள் முன்னோரின் கல், நமக்குப் பின்னால் வரப்போகிறவர். அந்தக் கூத்தர் சேர்த்த இவை நான்கும் என் மருமகனின் நிமிடக் கணக்கில் இல்லை. ஜவ்வாது மலைக்குப் போகிற ஒவ்வொருவரும், அங்கே சுற்றுலாவை வளர்க்க நினைக்கும் அரசும், திட்டம் போடவேண்டிய முறை இதுதான் என்று நான் நம்புகிறேன்.

முதலில் அங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் துண்டு திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது, மலையின் மேற்குப் பக்கம் திருப்பத்தூருக்குப் போனது. மலைமேல் இருப்பவர்களுக்கு இந்தக் கோடுகளைவிட 'நாடு' முக்கியம். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று இன்றும் சொல்கிறார்கள். ஒரு நாடு என்பது பல ஊர்கள் சேர்ந்தது. ஊருக்கு ஊர்க்கவுண்டர், அவருக்கு மேலே நாட்டார். ஊருக்குள் புதிதாக நுழைகிற யாரும் முதலில் ஊர்க்கவுண்டரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வது இன்றைக்கும் மரியாதை.

இந்த மக்களின் பெயர் மலையாளி. கேரளத்தோடு அதற்குத் தொடர்பில்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருள்தான். பேசுவது தமிழ். பட்டியல் பழங்குடியினர். தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அதற்கு ஒரு கதை உண்டு. நூறாண்டுக்கு முன்பே எழுத்தில் பதிவானது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வெள்ளாளரிடம் பெண் கேட்டார்கள், மறுத்துவிட்டார்கள். கோபத்தில் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்களை மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்பினார்கள். "நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்தோம் என்று காரியம் செய்துவிடுங்கள்" என்று மனைவியரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் நீந்திக் கடந்தார்கள். நாய்கள் பாதி ஆற்றில் திரும்பிவிட்டன. வேடரை வென்று ஊர் திரும்பியவர்கள் கண்டது, தங்களுக்கே நடந்து முடிந்திருந்த கருமாதியை. வீட்டில் இடமில்லை, சாதியில் இடமில்லை. வேடர் பெண்களை மணந்துகொண்டு ஜவ்வாது மலை ஏறினார்கள்.

எந்த அளவுக்கு வரலாறு, எந்த அளவுக்குக் கற்பனை என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஆசையில்லை. இரண்டு மக்கள் கலந்து ஒரு மக்கள் ஆனதை, வெட்கப்படாமல், தங்கள் தொடக்கக் கதையாகவே சொல்லிக்கொள்ளும் ஒரு சமூகம் நம் பக்கத்து மலையில் இருக்கிறது என்பதே எனக்குப் போதும். பல பண்பாடுகளின் மரபு என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதும்போது அதற்கு முதல் சான்றாக வைக்கவேண்டியது இந்தக் கதை.

அந்த நாய்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு நாயும் நினைவுக்கு வரும். மலையடிவாரம் நெடுக, செங்கம், தண்டராம்பட்டுப் பக்கமெல்லாம், பல்லவர் காலத்து நடுகற்கள் ஏராளம். தொல்லியலாளர் நாகசாமி பொறுப்பில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்றே ஒரு நூல் வெளியிட்டது. அவற்றுள் எடுத்தனூர்க் கல், மகேந்திரவர்மன் காலத்தது. வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று நாயின் பெயரையும் எழுதி, கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுதிவைத்திருக்கிறார்கள். பாதி ஆற்றில் திரும்பிய நாய்களும் கடைசிவரை நின்ற நாயும் ஒரே வட்டாரத்தின் நினைவில் இருக்கின்றன. இந்தக் கற்கள் பலவற்றை மக்கள் வேடியப்பன் என்று சொல்லிப் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். மலைபடுகடாத்துக் கூத்தர் சொன்னது இன்னும் நடக்கிறது.

மலைமேல் போனால் காலம் இன்னும் பின்னால் போகும். கீழ்செப்பிலியில் பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு மூடுகல் வைத்த பெருங்கற்காலக் கல்திட்டைகள் கூட்டமாக இருக்கின்றன. இத்தகையவற்றைக் குள்ளர் வீடு என்றும் பாண்டவர் வீடு என்றும் சொல்வது நம் ஊர்களில் வழக்கம். மலைக்கோயில்கள் சிலவற்றில் சாமியாக இருப்பவை, தீட்டி வழவழப்பாக்கிய புதிய கற்காலக் கைக்கோடரிகள். உழும்போதோ பள்ளம் தோண்டும்போதோ கிடைத்தவை. கைவேலை தெரிந்தது, எடுத்துப் பிள்ளையார் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருந்திருக்க வேண்டியவை மஞ்சளும் குங்குமமும் பூசி மரத்தடியில் இருக்கின்றன. அவற்றைக் கையில் எடுத்துப் படம் பிடிக்கிற பயணிகளைப் பார்த்தால் எனக்குப் பதறும். தயவு செய்து தொடாதீர்கள்.

மலையைச் சுற்றியுள்ள ஊர்களைச் சொல்லத் தொடங்கினால் கட்டுரை தாங்காது. போளூருக்குப் பக்கத்தில் திருமலை: ராஜராஜனின் அக்கா குந்தவை பெயரில் சமணக் கோயில், பாறையில் நெடிது நிற்கும் நேமிநாதர், முதலாம் ராஜேந்திரனின் கங்கைப் படையெடுப்பைச் சொல்லும் கல்வெட்டு. தமிழ்ச் சமணர்கள் இன்றும் அந்த வட்டாரத்தில் உழுதுகொண்டிருக்கிறார்கள். ஆம்பூர்ப் பக்கம் ஆர்மாமலைக் குகையில் சமண ஓவியத்தின் மிச்சம். படவேட்டில் சம்புவராயர் தலைநகரின் தடமும் ரேணுகாம்பாள் கோயிலும். வடக்கே இறங்கினால் வாணியம்பாடியும் ஆம்பூரும், உருது பேசும் தெருக்கள். மார்கழியில் ஏறுகிறவர் ஒரே நாளில் ஜினரையும் அம்மனையும் தர்காவையும் வேடியப்பனையும் கடந்து போகலாம். தமிழகத்தில் இப்படி வாய்த்த மலைகள் குறைவு.

இனிக் காலம். என் மருமகன் அருவியையும் விண்மீனையும் ஒரே பயணத்தில் கேட்டிருந்தான். இரண்டும் நிறைவாகச் சேர்ந்து கிடைப்பது கடினம். மழைக்காலத்தில் பீமன் அருவி நிரம்பி விழும், அப்போது வானம் மூடியிருக்கும். வானம் நன்றாகத் திறப்பது தை முதல் சித்திரை வரை, அதற்குள் அருவி மெலிந்துகொண்டே போய்ப் பாறை தெரியும். மலைக்காரர்களுக்கு வேறொரு கணக்கு. ஆனி ஆடியில் சாமை விதைப்பு. ஐப்பசி கார்த்திகையில் அறுப்பு. மாசி பங்குனியில் புளி உலுக்குவார்கள். வைகாசியில் பலா. அறுப்பு நேரத்தில் போய், எங்களுக்குச் சமைத்துப் போடுங்கள், ஆடிக் காட்டுங்கள் என்று கேட்பது, நம் வீட்டுக் கல்யாண நாளில் வந்து வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்வதற்குச் சமம். போனால் சாமையைப் பற்றிக் கேளுங்கள். மண்ணும் கல்லும் கலந்த சரிவில், வானத்தை மட்டும் நம்பி விளையும் தானியம் அது. சோறு வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். மொச்சைக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டால் இன்னொரு கை கேட்கும். ஜமுனாமரத்தூரில் பழங்குடி உழவர்களின் உற்பத்தியாளர் நிறுவனமே சாமை, தேன், புளி விற்கிறது. கீழே இருந்து அரிசி மூட்டையும் பிஸ்கட் பெட்டியும் கட்டிக்கொண்டு போகிறவர்கள், திரும்பும்போது அங்கே இரண்டு கிலோ சாமையாவது வாங்கிவர வேண்டும்.

காவலூரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் நல்ல வானம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்த வானியலாளர் வைணு பாப்பு, ஆலங்காயத்துக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியும் தெரியும், சுற்றிலும் காடு, நகர வெளிச்சம் இல்லை. 1968இல் 38 சென்டிமீட்டர்த் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972இல் 1 மீட்டர்த் தொலைநோக்கி வந்தது. 1977இல் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்று உலகம் கண்டறிந்தபோது, அந்த இரவு காவலூரிலும் அது பதிவானது. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய 2.34 மீட்டர்த் தொலைநோக்கியை 1986இல் ராஜீவ் காந்தி திறந்துவைத்து, அதற்குப் பாப்புவின் பெயரைச் சூட்டினார். அதைப் பார்க்கப் பாப்பு இல்லை, 1982இலேயே போய்விட்டார். 1988இல் இங்கிருந்து கண்டுபிடித்த சிறுகோள் ஒன்றுக்கு ராமானுஜன் என்று பெயர்.

இவ்வளவும் நடந்தது இருட்டின் தயவால். அந்த இருட்டை யாரும் கட்டவில்லை. மலையாளிகள் தங்கள் காட்டை வைத்திருந்த விதத்தில் அது கிடைத்தது. இப்போது மலையடிவாரத்து ஊர்கள் வளர்ந்து அடிவானம் வெளுத்துவருகிறது. மலைமேலேயும் விடுதிகள் வந்து, ஒவ்வொன்றும் தன் வாசலில் வானத்தை நோக்கி விளக்குப் போட்டால், அரை நூற்றாண்டு அறிவியல் ஒரு தலைமுறையில் குருடாகிவிடும்.

லடாக்கில் ஹான்லே என்ற ஊரில் காவலூரை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இன்னொரு ஆய்வகம் இருக்கிறது. அதைச் சுற்றி 2022இல் இந்தியாவின் முதல் இருள்வானக் காப்பகத்தை அறிவித்தார்கள். அறிவித்ததோடு நிற்கவில்லை. அங்குள்ள சிற்றூர்களிலிருந்து 24 பேரைத் தேர்ந்து, வானியல் கற்றுக்கொடுத்து, கையில் தொலைநோக்கியும் கொடுத்தார்கள். வருகிறவர்கள் அந்த வீடுகளில் தங்குகிறார்கள், வீட்டுக்காரரே இரவில் சனியின் வளையத்தைக் காட்டுகிறார். இருட்டு அந்த ஊருக்குச் சோறு போடுகிறது, அதனால் ஊரே விளக்கை மூடிவைக்கிறது. காவலூரில் சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கும் வழக்கம் பல ஆண்டாக உண்டு. புதூர்நாட்டுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு அதேபோலத் தொலைநோக்கி வழிகாட்டிகளாகப் பயிற்சி கொடுக்க என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை. ஆசை இல்லாத பிள்ளைகள் என்று யாரும் சொல்ல முடியாது. இந்த மலைப் பெண் ஒருவர் 2024இல் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானார்; பிள்ளை பெற்ற சில நாளிலேயே பயணம் செய்து போய்த் தேர்வு எழுதியவர்.

பயணம் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றையும் மறைக்க எனக்கு விருப்பமில்லை. 2023 மே மாதத்தில், இதே மலைத்தொடரின் வேலூர்ப் பக்கம், அல்லேரி மலைக் குக்கிராமம் ஒன்றில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லை. மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் குழந்தை இறந்தது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றது, மிச்ச வழியைத் தாய் குழந்தையைத் தோளில் போட்டு நடந்தே கடந்தார். 2022 ஏப்ரலில் செம்பரை கோயிலுக்குப் போன வேன் மலைப்பாதையில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள், இந்த மலையிலுள்ள புலியூர்க்காரர்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். ஊரில் கூலி இருந்திருந்தால் அந்தக் காட்டுக்கு அவர்கள் ஏன் போயிருப்பார்கள்?

ஆகவே, சுற்றுலா வரட்டும் என்றே நானும் சொல்கிறேன். ஆனால், வருகிற பணம் யார் கைக்குப் போகிறது என்பதை முதலில் தீர்க்க வேண்டும். கீழே இருந்து வந்த முதலாளி நிலம் வாங்கி விடுதி கட்ட, நிலம் கொடுத்தவரின் மகன் அதே விடுதியில் இலை எடுக்கும் நிலை ஜவ்வாது மலைக்கு வரக்கூடாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. எந்த ஊரில் எத்தனை பேர் தங்கலாம், எந்த அருவிக்கு எந்த மாதம் அனுமதி, எந்தக் காட்டுக்குள் போகவே கூடாது என்பதை அந்தச் சபை முடிவு செய்யட்டும். மகளிர் குழுக்கள் வீடுகளில் தங்கும் அறை நடத்தட்டும். 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகளுக்குப் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாகச் சேர்த்தது நல்ல தொடக்கம், அதை இந்த மலையில் நாடு நாடாகக் கொண்டுபோகலாம். ஜமுனாமரத்தூரில் அரசு நடத்தும் கோடை விழாவின் மேடையில், சினிமாப் பாட்டுக்கு முன்னால், அந்த மலையின் ஆட்டத்துக்கும் அடிவாரத்துத் தெருக்கூத்துக்கும் இரவு முழுக்க இடம் வேண்டும். கூத்தரை வழிகாட்டியாக வைத்த மண் இது. எல்லாவற்றுக்கும் முன்னால், படகுத் துறைக்குப் போகும் சாலையைவிட, குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கும் சாலை முதலில் முடிய வேண்டும்.

இவ்வளவையும் ஒரே கடிதத்தில் எழுதினால் பையன் படிப்பானா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. படித்தான். படகையும் அமிர்தியையும் ஜலகாம்பாறையையும் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டான். விடுதிக்குப் பதில், தெரிந்தவர் மூலமாகக் காவலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு வீட்டில் இரண்டு இரவு தங்கினான். பொங்கல் முடிந்த வாரம் அது. சாமை வீட்டுக்கு வந்துவிட்டது, ஊரில் ஓய்வு இருந்தது. ஊர்க்கவுண்டரைப் பார்த்து வெற்றிலை பாக்கு கொடுத்தானாம். அவர்தான் கல்திட்டைகள் இருக்கும் மேட்டுக்கு ஒரு பையனைத் துணைக்கு அனுப்பினார். இரவு அந்த வீட்டுப் பாட்டி வாசல் பல்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, இன்னது இன்ன மீன் என்று தனக்குத் தெரிந்த பெயரில் சொல்லிக்கொண்டே போனாராம். இவன் கைபேசிச் செயலி வேறு பெயர் சொன்னது. இரண்டையும் எழுதிவைத்திருக்கிறான்.

கிளம்பும்போது பணம் கொடுத்தான். பாட்டி சாப்பாட்டுக்கும் அறைக்கும் எண்ணி எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார். "அடுத்த வாட்டி ஐப்பசியில வா கண்ணு," என்றார். "சாம அறுக்க ஆளு பத்தல."